விருந்தாளி இருவர், வீட்டுக்காரர் எவர்?



மலைமேல் மேகம் இறங்கி, பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் ஆர்ப்பரிக்கத் தொடங்கினால், குற்றாலத்தைச் சூழ்ந்த ஊர்களில் எல்லாருக்கும் ஒரு புதுச் சுறுசுறுப்பு வந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து வரும் தென்மேற்குக் காற்று, தென்காசிச் சாலையில் நடப்போர் முகத்தில் பன்னீர் தெளிப்பதுபோல் சாரலைத் தெளிக்கும். அத்தகைய ஒரு மாலையில் நம் கைக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் ஒரு தாய். அவர் கேட்டிருந்தது இதுதான்:

"எங்கள் வீட்டு அலமாரியில் பழைய டேட்டா கார்டு ஒன்று கிடக்கிறது. பிள்ளைக்கு உறவினர் கொடுத்த டேப் ஒன்றும் இருக்கிறது. அதில் சிம் போட இடம் இல்லை. இரண்டையும் இணைத்துப் பிள்ளையின் படிப்புக்குப் பயன்படுத்த முடியுமா? கடைக்காரர் ஒருவர் முடியும் என்கிறார், இன்னொருவர் முடியாது என்கிறார். நீங்கள் சொல்லுங்கள் சாமி."

ஆன்ம காரியங்களைப் பற்றி எழுத வேண்டிய இந்தப் பக்கத்தில் மின்கருவிகளுக்கு என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நம் ஆண்டவர் விளக்கையும் வலையையும், புளித்த மாவையும் காணாமற்போன காசையும் கொண்டன்றோ விண்ணரசைப் பற்றிப் பேசினார்! வீட்டில் புழங்கும் பொருள் எதுவும் அவருக்கு அற்பமாகப் படவில்லை. ஆகவே இந்தத் திங்கள் நாமும் ஒரு வீட்டுப் பொருளை எடுத்துக்கொள்வோம். அந்தத் தாய்க்கு உரிய மறுமொழியையும் தருவோம். அதனோடு, இதே கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் நம்மை ஒரு சாவு வீட்டின் முற்றத்தில் நிறுத்திய கதையையும் சொல்வோம்.

டேட்டா கார்டு என்றும் டாங்கிள் என்றும் நம் மக்கள் அழைக்கும் அந்தக் கருவி, கட்டைவிரல் அகலமுள்ள ஒரு மோடம். அதன் வயிற்றில் ஒரு சிம் அட்டை இருக்கும். ஒரு முனையில் யூ.எஸ்.பி. செருகி இருக்கும். கணிப்பொறியில் செருகினால், கைப்பேசிக் கோபுரத்தோடு பேசி இணையத்தைக் கொண்டுவந்து தரும். 2009இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் தமிழகத்தில் மூன்றாம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் நெட்கனெக்ட், ஃபோட்டான், எம்-பிளேஸ் என்று பல பெயர்களில் இத்தகைய கருவிகள் கடைவீதியில் தொங்கின. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவருக்கும் உதவிபெறும் பள்ளி மாணவருக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. நம் மறைமாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் பலரும் அவற்றைப் பெற்றார்கள். மடிக்கணினி வந்த வீடுகளில் அடுத்த கேள்வி, இணையத்திற்கு என்ன வழி என்பதாயிற்று. அப்போது டேட்டா கார்டே கை கொடுத்தது.

அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று டில்லியில் 'ஆகாஷ்' என்னும் மலிவு விலைப் பலகைக் கணினியை நடுவண் அரசு அறிமுகம் செய்தது. ஏறத்தாழ 2,250 ரூபாய் விலையில் அரசு அதை வாங்கியது. ஏழை மாணவன் கையில் ஒரு கணினி என்பது உயர்ந்த கனவுதான். ஆனால் அதில் சிம் அட்டைக்கு இடம் இல்லை. வைஃபை வசதி உள்ள இடத்தில் மட்டுமே இணையம் கிடைக்கும். வைஃபைக்கு மலையடிவாரத்து ஏழை எங்கே போவான்? அதில் யூ.எஸ்.பி. துளை இருந்ததைக் கண்டு, டேட்டா கார்டை அதிலேயே செருகிப் பார்த்தார்கள் பலர். சிலருக்கு வேலை செய்தது, பலருக்குச் செய்யவில்லை. அந்தத் தாய்க்கு இரண்டு கடைக்காரர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னதன் காரணமும் இதுவே. இருவருமே தாம் கண்டதைச் சொன்னார்கள்.

ஏன் இப்படி? இதை நமக்கு விளக்கியவன் நம் பங்கைச் சேர்ந்த பொறியியல் கல்லூரி மாணவன் ஒருவன். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்ற நமக்கு, மின்சாரப் பாடம் பள்ளியோடு முடிந்துபோயிற்று. ஆகவே அவன் சொன்னதை நமக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம்.

யூ.எஸ்.பி. என்னும் முறை 1996இல் வந்தது. அதில் இணையும் இரண்டு கருவிகளும் சமமானவை அல்ல. ஒன்று வீட்டுக்காரர், மற்றது விருந்தாளி. வீட்டுக்காரர்தான் 5 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்தான் முதலில் பேச வேண்டும். விருந்தாளி தானாக வாய் திறக்காது; "நீ யார், உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?" என்று வீட்டுக்காரர் கேட்ட பிறகே மறுமொழி சொல்லும். மேசைக் கணிப்பொறி பிறவியிலேயே வீட்டுக்காரர். அச்சுப்பொறி, சுட்டி, டேட்டா கார்டு யாவும் பிறவியிலேயே விருந்தாளிகள்.

கைப்பேசியும் பலகைக் கணினியும் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை? மின்னேற்றம் செய்யவும் படங்களை மாற்றவும் கணிப்பொறியில் செருகப்படுபவை ஆதலால், அவையும் முதலில் விருந்தாளிகளாகவே படைக்கப்பட்டன. டேட்டா கார்டும் விருந்தாளி, கைக்கருவியும் விருந்தாளி. இரண்டையும் ஒரு கம்பியால் கட்டினால் என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி மௌனமாக இருக்கும். "அவர் கேட்கட்டும்" என்று இதுவும், "இவர் கேட்கட்டும்" என்று அதுவும் காத்திருக்கும். எந்தப் பழுதும் இல்லை. எந்தக் கம்பியும் அறுபடவில்லை. ஆயினும் பேச்சு இல்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க 2001 டிசம்பரில் ஓ.டி.ஜி. என்னும் துணைவிதி வந்தது. விருந்தாளியாகப் பிறந்த கைக்கருவி, வேண்டியபோது வீட்டுக்காரராகவும் மாறலாம் என்பது அதன் சாரம். மாறுவதற்கு அடையாளம் என்ன தெரியுமா? கைப்பேசியின் சிறு செருகியில் ஐந்து ஊசிகள் உண்டு. மின்சாரத்திற்கு இரண்டு, செய்திக்கு இரண்டு. எஞ்சிய ஒன்று அடையாளத்திற்கு. ஓ.டி.ஜி. கம்பியில் அந்த அடையாள ஊசி தரைக்கம்பியோடு சேர்க்கப்பட்டிருக்கும். அவ்வளவுதான்! அந்தச் சிறு இணைப்பைக் கண்டதும் கைக்கருவி, "இன்று வீட்டுக்காரர் நான்" என்று உணர்ந்து எழுந்துகொள்ளும். காமநாயக்கன்பட்டி மண்ணில் பணியாற்றிய வீரமாமுனிவர், கொம்பின்மேல் ஒரு சுழியை ஏற்றிக் குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டினார். ஒரு சிறு சுழியால் சொல்லின் பொருளே மாறியது. இங்கே ஒரு சிறு ஊசியால் கருவியின் பங்கே மாறுகிறது. இப்போது பரவிவிட்ட சி வகைச் செருகியில் அந்த ஐந்தாவது ஊசி இல்லை. வேறு இரண்டு ஊசிகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் யாரேனும் ஒருவர் வீட்டுக்காரராக வேண்டும் என்னும் விதி மட்டும் மாறவில்லை.

வீட்டுக்காரர் ஆவதற்கு மனம் இருந்தால் போதுமா? பந்தி வைக்கச் சோறும் வேண்டுமே. டேட்டா கார்டு பெரும்பசிக்காரன். தொலைவிலுள்ள கோபுரத்தோடு பேசும்போது யூ.எஸ்.பி. விதி அனுமதிக்கும் 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையும் அது எட்டிவிடும். கைக்கருவியோ தன் சிறு மின்கலத்தில் பிழைப்பது. ஓ.டி.ஜி. விதிப்படி அது 8 மில்லி ஆம்பியர் கொடுத்தாலே கடமை தீர்ந்தது. ஆகவே பல கைக்கருவிகள் டேட்டா கார்டைச் செருகியதும் திணறி அணைந்துபோகும். இதற்கு மாற்று, தனி மின்சாரம் பெறும் ஹப் என்னும் கிளைப்பெட்டியை இடையில் வைப்பது. பேச்சு கைக்கருவியிலிருந்து வரும்; சாப்பாடு ஹப்பிலிருந்து வரும்.

இன்னொரு தடையும் உண்டு. பெரும்பாலான டேட்டா கார்டுகள் செருகியவுடன் தம்மை மோடம் என்று சொல்லிக்கொள்வதில்லை. "நான் ஒரு குறுந்தகடு" என்று சொல்லிக்கொண்டு நிற்கும். கணிப்பொறியில் நிறுவ வேண்டிய மென்பொருளைத் தம் வயிற்றிலேயே சுமந்துகொண்டு, முதலில் அதைக் காட்டும். கணிப்பொறி அதை ஏற்று நிறுவியபின், வேடத்தைக் கலைத்து மோடமாக மாறச் சொல்லும். பலகைக் கணினிக்கு அந்த மென்பொருள் ஆகாது. வேடத்தைக் கலைக்கச் சொல்லவும் பல கருவிகளுக்குத் தெரியாது. அப்போது இணைப்பு அந்த வாசற்படியிலேயே நின்றுவிடும். இவ்வளவையும் கடந்தபின், சேவை நிறுவனம் தரும் அணுகுபெயரையும், பெரும்பாலும் *99# என்றிருக்கும் அழைப்பெண்ணையும் பதிந்தால்தான் இணையம் வரும்.

இனி, சாவு வீட்டின் கதைக்கு வருவோம். ஊரின் பெயரையோ ஆட்களின் பெயரையோ கேளாதீர்கள். மலையடிவாரத்து ஊர் என்பது மட்டும் போதும்.

2020 ஏப்ரல். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்தன. அந்த ஊரில் ஒரு மூதாட்டி விடியற்காலையில் ஆண்டவரின் அழைப்பைப் பெற்றார். நல்ல விசுவாசி. மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பை, 2018இல் அந்தச் சிற்றலைச் சேவை நின்றுபோகும்வரை, வானொலியைக் காதோடு வைத்துக் கேட்டு வந்தவர். மலை மறைக்கும் அந்த ஊரில் ஒலி தேய்ந்து தேய்ந்து வரும். வானொலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அவர் நடப்பதை நாமே கண்டிருக்கிறோம்.

அவருக்கு இரண்டு மக்கள். மூத்தவர் ஊரிலேயே விவசாயம் பார்ப்பவர். இளையவர் குவைத்தில் கூலி வேலை. தாய் இளையவரின் வீட்டில் மருமகளோடும் பேத்தியோடும் இருந்தார். மூத்தவரின் வீடு அடுத்த சுவர். ஆனால் நான்காண்டுகளாக இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. காரணம், தகப்பன் விட்டுப்போன கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை. யாருக்கு எந்த நாள் என்பதில் தொடங்கிய பூசல், யாருடைய நிழல் யார் முற்றத்தில் விழலாம் என்பதுவரை வளர்ந்துவிட்டது.

வெளிநாட்டு விமானங்கள் மார்ச் 23 முதலே நின்றுவிட்டன. இளையவர் வர வழியில்லை. அடக்கத்திற்கு இருபது பேருக்குமேல் கூடலாகாது என்பது அன்றைய விதி. வீட்டிலிருந்த பொத்தான் கைப்பேசியில் அவர் நம்மை அழைத்தார். அழுகைக்கிடையில் அவர் கேட்டது ஒன்றே: "அம்மா மொகத்த ஒரு தடவ பாக்கணும், சாமி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்த வீட்டில் முகம் காட்டக்கூடிய கருவி ஒன்று இருந்தது. சென்ற விடுப்பில் அவர் மகளுக்கு வாங்கி வந்த பலகைக் கணினி. சிம் இல்லாதது. நம் பங்கு அலுவலகத்தில் ஒரு டேட்டா கார்டு இருந்தது. ஆயர் இல்லத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வாங்கியது. அலுவலகக் கணிப்பொறியோ மேசையோடு ஒட்டியது. தூக்கிச் செல்ல இயலாது. நாம் அந்தக் கல்லூரி மாணவனை அழைத்தோம். அவன் தன் பையில் ஓ.டி.ஜி. கம்பியையும் ஒரு ஹப்பையும் போட்டுக்கொண்டு வந்தான்.

முற்றத்தில் தாய் கிடத்தப்பட்டிருந்தார். தலைமாட்டில் மூத்தவர் நின்றார். மாணவன் திண்ணையில் அமர்ந்து டேட்டா கார்டைப் பலகைக் கணினியில் இணைத்தான். சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்தது. பலகைக் கணினி அணைந்து மறுபடி விழித்தது. பசி தாங்கவில்லை. ஹப்பை இடையில் வைத்தான். ஆனால் இரவு அடித்த காற்றில் ஊருக்கே மின்சாரம் இல்லை. பவர் பேங்க் ஒன்றை வாங்கி ஹப்பில் செருகினான். இப்போது விளக்கு நிலையாக எரிந்தது. திரையில் ஒரு கோப்புறை திறந்தது, குறுந்தகட்டு வேடம்! உடனே மோடத்தைப் பிடுங்கிக்கொண்டு வண்டியில் பங்கு அலுவலகத்துக்குப் பறந்தான். அங்கே மின்சாரம் இருந்தது. கணிப்பொறியின் துணையால் அந்த வேடத்தை நிலையாகக் கலைத்துவிட்டுத் திரும்பினான். அணுகுபெயரைப் பதிந்தான். பிற்பகல் மூன்று மணி அளவில், குவைத்தில் ஒரு மனிதரின் முகம் அந்தத் திரையில் தெரிந்தது.

பேத்தி பலகைக் கணினியைப் பாட்டியின் முகத்தருகே பிடித்தாள். "கிட்ட, இன்னும் கிட்ட" என்றது குரல். நாம் செபத்தை நிறுத்திவிட்டோம். அதைவிடப் பெரிய செபம் அங்கே நடந்துகொண்டிருந்தது.

பிறகு சடங்கைத் தொடர்ந்தோம். தீர்த்தம் தெளித்து, பெட்டியை மூடும் நேரம். படம் அசையாமல் நின்றது. பிறகு திரை கறுத்தது. பவர் பேங்க் தீர்ந்துவிட்டது. இரவெல்லாம் மின்சாரம் இல்லாத ஊரில், அதைக் கொண்டு எத்தனை பேர் தம் கைப்பேசிக்கு மின்னேற்றினார்களோ! மாணவன் நம்மைப் பார்த்தான். நாம் அவனைப் பார்த்தோம். பேத்தி கறுத்த திரையைத் தாங்கியபடி விம்மினாள். தூக்குவதா, நிற்பதா என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது மூத்தவர் தம் சட்டைப்பையில் கைவிட்டார். நல்ல கைப்பேசி, புதியது. காலையிலிருந்து அது அந்தச் சட்டைப்பையில்தான் இருந்தது. எண்ணை யாரிடமும் கேட்கவில்லை. நான்காண்டுகளாகப் பேசாத தம்பியின் எண்ணை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். அழைத்தார். மறுமுனையில் முகம் தெரிந்ததும் சிறிது நேரம் அவருக்குக் குரல் எழவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, அழாத. அம்மாவத் தூக்கப் போறோம். பாரு."

கல்லறைத் தோட்டம்வரை அவரே அதை ஏந்தி நடந்தார். கடைசிப் பிடி மண் விழும்வரை அவர் கை இறங்கவில்லை.

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். காலையில் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே மூத்தவரின் சட்டைப்பையில் கைப்பேசி இருப்பதை நாம் கண்டோம். பூசலும் நமக்குத் தெரியும். "சாவு வீட்டில் அதைக் கிளறுவானேன்" என்று எண்ணி, அவரிடம் கேளாமல், பங்கு அலுவலகத்து மோடத்தைத் தேடினோம். ஒரு கம்பியும் ஹப்பும் பவர் பேங்கும் கொண்டு, ஓர் உடன்பிறப்பைச் சுற்றிக்கொண்டு போக வழி அமைத்தோம். மருமகள், "அவர் தரட்டும்" என்று காத்திருந்தார். மூத்தவர், "அவர்கள் கேட்கட்டும்" என்று காத்திருந்தார். இருவரும் விருந்தாளிகளாகவே நின்றார்கள். இருவருக்கும் இடையில் எழுந்து பேச வேண்டிய குருவும் மூன்றாவது விருந்தாளியாகிப் போனார். கம்பி அறுந்தபின்தான் ஒரு மனிதர் வீட்டுக்காரராக எழுந்தார்.

மாணவனின் உழைப்பு வீண் என்று நாம் சொல்லவில்லை. அவன் இல்லாவிட்டால் அந்த மகன் தாயின் முகத்தை அமைதியாகக் கண்டிருக்க மாட்டார். கருவிகளைத் திருச்சபை ஒருபோதும் அற்பமாக எண்ணியதில்லை. 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் தொடங்கிவைத்தார். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளுக்கென்றே ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. கணினியைக் கொண்டு நற்கருணைப் புதுமைகளை உலகுக்கு எடுத்துச் சொன்ன கார்லோ அக்குதிஸ் என்னும் 15 வயதுச் சிறுவன், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்டதையும் அறிவீர்கள். கருவி நல்லதே. ஆனால் அடுத்த சுவருக்கு அப்பால் இருப்பவரிடம் கேட்க வேண்டிய ஒரு சொல்லைத் தவிர்ப்பதற்காகக் கருவியைத் தேடினோமானால், அது நமக்குப் பாலமாகாது, சுற்றுவழியாகவே போய்விடும்.

எம்மாவு சீடரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். வழிப்போக்கராக வந்த ஒருவரை, பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று அவர்கள் வருந்தி அழைத்தார்கள். அவர் விருந்தாளியாகவே உள்ளே நுழைந்தார். பந்தியில் அமர்ந்ததும் நடந்ததென்ன? அப்பத்தை எடுத்து, ஆசி கூறி, பிட்டுக் கொடுத்தவர் அவர்! விருந்தாளி வீட்டுக்காரரானார். அந்தக் கணத்தில்தான் அவர்கள் கண்கள் திறந்தன. இறுதி இராவுணவிலும் அவ்வாறே. கால் கழுவப் பணியாள் இல்லை. பன்னிருவரில் எவரும் எழவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் எழட்டும் என்று இருந்திருக்கக்கூடும். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்தவர் ஆண்டவரே.

நம் வீடுகளில் எத்தனை இடங்களில் இரண்டு விருந்தாளிகள் முகம் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள்! மாமியார், மருமகள் வந்து கேட்கட்டும் என்று இருக்கிறார். மருமகள், மாமியார் கூப்பிடட்டும் என்று இருக்கிறார். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த தகப்பன், சொந்த வீட்டிலேயே விருந்தாளிபோல் நாற்காலியில் அமர்ந்து, பிள்ளைகள் வந்து பேசட்டும் என்று காத்திருக்கிறார். பிள்ளைகளோ அவர் அழைக்கட்டும் என்று கதவோரம் நிற்கிறார்கள். எதிலும் பழுது இல்லை. அன்பும் இருக்கிறது. முதலில் கேட்பவர் மட்டும் இல்லை.

முதலில் எழுபவருக்குச் சக்தியும் வேண்டும். தன் சிறு மின்கலத்தையே நம்பி விருந்தோம்பத் துணிந்த கருவி அணைந்துபோனதைப் பார்த்தோம். "நானே எத்தனை தடவை இறங்கிப் போவது?" என்று களைத்துக் கேட்கும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆகவேதான், தன்னிடமிருந்து மட்டும் கொடுக்காமல், வேறோர் ஊற்றிலிருந்து பெற்றுக் கொடுக்க வேண்டும். ஞாயிறு திருப்பலியும், மாலையில் குடும்பமாகச் சொல்லும் செபமாலையும் அந்த ஊற்றுகள். பெறாதவர் நெடுநாள் கொடுக்க இயலாது.

குறுந்தகட்டு வேடத்தையும் மறந்துவிட வேண்டாம். நம்மில் பலர் சமாதானம் பேசப் போகும்போதும், முதலில் நம் விளம்பரத்தையே விரிக்கிறோம். "நான் யார் தெரியுமா, என் தகப்பனார் எப்படி வாழ்ந்தவர் தெரியுமா, அன்று நீ சொன்னது நினைவிருக்கிறதா" என்று தொடங்கினால், பேச்சு வாசற்படியிலேயே நின்றுவிடும். வேடத்தைக் கலைத்துவிட்டுப் போனால்தான் செய்தி போய்ச் சேரும்.

இனி அந்தத் தாய்க்கு நேரான மறுமொழி. அம்மா, உங்கள் டேட்டா கார்டு நெட்கனெக்ட், ஃபோட்டான், எம்-பிளேஸ் வகையைச் சேர்ந்ததானால் அதை மறந்துவிடுங்கள். அந்தச் சேவைகள் இன்று இல்லை. மூன்றாம் தலைமுறைக்கு மட்டுமே உரிய கருவியானாலும் அதற்காகப் பணம் செலவிட வேண்டாம். அந்தச் சேவையைப் பல நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. நான்காம் தலைமுறைக் கருவியாக இருந்தால், அது தானே வைஃபை பரப்பும் வகையா என்று பாருங்கள். அவ்வாறாயின் அதைப் பலகைக் கணினியோடு செருகவே வேண்டாம். மின்னேற்றியிலோ பவர் பேங்கிலோ செருகினால் போதும், பலகைக் கணினி கம்பியின்றியே இணைந்துகொள்ளும். வைஃபை இல்லாத வகையானால், ஓ.டி.ஜி. கம்பியும் மின்சாரம் பெறும் ஹப்பும் வேண்டும்; அவை இருந்தும் உங்கள் பலகைக் கணினி அந்த மோடத்தை அறியுமா என்பது செருகிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பொருளை வாங்கும் முன், கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். மழையால் சிக்னல் போகிறது என்று சிலர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். மழைத்துளி இந்த அலைகளைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பது மலை, நிற்கவைப்பது மின்வெட்டு. மத்தளம்பாறையில் இருக்கும் சோஹோ நிறுவனத்து அலுவலகத்திலிருந்து உலகெங்கும் மென்பொருள் போகிறது. அதே மலையின் மடிப்பிலுள்ள ஓர் ஊரில் பிள்ளைகள் மொட்டைமாடியில் ஏறிச் சிக்னல் தேடுகிறார்கள். இரண்டும் நம் மாவட்டத்தின் உண்மைகளே.

எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் யாரிடமேனும் நல்ல கைப்பேசி இருந்தால், அதிலுள்ள ஹாட்ஸ்பாட் வசதியைத் திறந்து, பலகைக் கணினிக்கு இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பிள்ளையின் பாட நேரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் அதற்கு ஒருவர் போய்க் கேட்க வேண்டும். ஒருவர் இசைந்து கொடுக்க வேண்டும். அம்மா, பக்கத்து வீட்டாரோடு உங்களுக்குப் பேச்சு உண்டா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. நாமும் ஊகிக்கவில்லை. கேட்டு மட்டும் வைக்கிறோம்.

அந்த இரு சகோதரர் கதையின் முடிவையும் கேட்பீர்கள். கிணற்று வழக்கு அன்றே தீர்ந்துவிட்டது என்று எழுத நமக்கும் ஆசைதான். தீரவில்லை. தண்ணீர் முறையில் இன்றும் சிறு சிறு மனத்தாங்கல் எழுகிறது. ஆனால் இப்போது அதைப் பேசுகிறார்கள். குவைத்துக்கும் குற்றாலத்து அடிவாரத்துக்கும் இடையே கைப்பேசியிலேயே சண்டையிட்டு, கைப்பேசியிலேயே சமாதானம் ஆகிறார்கள். தாயின் ஆண்டுத் திதித் திருப்பலிக்கு இரு வீட்டாரும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். இளையவர் அடுத்த விடுப்பில் வந்தபோது அண்ணனுக்கு வாங்கி வந்த பரிசு என்ன தெரியுமா? ஒரு பவர் பேங்க். மூத்தவர் அதை நம்மிடம் காட்டிச் சிரித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் கைப்பேசியிலும் அழிக்காமல் வைத்திருக்கும் ஓர் எண் இருக்கும். பல திங்களாக, பல ஆண்டுகளாக அழைக்காத எண். அவர் அழைக்கட்டும் என்று அங்கே அவரும், இவர் அழைக்கட்டும் என்று இங்கே நீங்களும் காத்திருக்கிறீர்கள். சாவு வீட்டு முற்றம்வரை காத்திருக்க வேண்டாம். இந்தத் திங்கள் முடிவதற்குள் அந்த எண்ணை அழையுங்கள். வேறெதுவும் பேச வராவிட்டால், "குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம், வாருங்களேன்" என்று சொல்லுங்கள். ஒரு பேச்சைத் தொடங்க அது போதும்.

விருந்தாளியாக நம் வீட்டுக்குள் வந்து, வீட்டுக்காரராக நமக்கு அப்பம் பிட்டுத் தரும் ஆண்டவர், முதலில் எழும் மனத்தையும் அதற்குரிய பலத்தையும் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் அருள்வாராக.

அடுத்த திங்கள் சந்திப்போம்.

செபத்தில் உங்களை நினைவுகூரும்,
உங்கள் பங்குத்தந்தை